ஆறு வயதான கார்டும் கொழிஞ்சாம்பாறை வெயிலும்: ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வாங்கிய கதை

கணினி விளையாட்டுகளின் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் 21 அல்லது 22 டிகிரிக்குக் குளிரூட்டப்பட்ட அறைகளில், சந்தையில் கிடைப்பதிலேயே வேகமான பிராசசரையும் 850 வாட் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியையும் வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. நான் விளையாடும் அறை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் ஓட்டு வீட்டின் மச்சில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று கார்த்திகை, மார்கழியில் புழுதியோடு வீசும். சித்திரையில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், இரவு ஒன்பது மணிக்கும் என் அறை 34 டிகிரிக்குக் கீழே இறங்காது. மற்றவர்களின் அட்டவணைகளில் உள்ள எண்கள் என் மேசைக்குப் பொருந்துமா என்ற ஐயத்திலேயே ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. இப்போது கார்டை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், கார்டை மட்டும் அல்லாமல் அதை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்த விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழைய கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 2019 அக்டோபரில் வெளிவந்த அதை, ஊரடங்கிற்கு இரண்டு மாதம் முன்பு வாங்கினேன். 6 ஜிபி நினைவகம், 125 வாட் மின்சாரம், ஒரே ஒரு எட்டு ஊசி மின் இணைப்பு. அதனுடன் இருப்பவை ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ், 144 ஹெர்ட்ஸ் வேகமுள்ள 1080பி மானிட்டர், 600 விஏ யூபிஎஸ். இந்தப் பட்டியலை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்டைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதைவிட இந்தப் பட்டியல்தான் என்று சொல்வதே சரி.

பழைய கார்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபோது, இதை வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் தர ஆட்கள் இருந்தார்கள். கொடுக்காமல் விட்டது நல்லதாயிற்று. ஆனால் போன கோடைக்கு முந்தைய கோடையில், விளையாட்டு தொடங்கி அரை மணி நேரத்தில் படம் தயங்கத் தொடங்கியது. வெப்பம் 83 டிகிரியில் நின்றது. இந்தத் தலைமுறைக் கார்டுகள் அந்த அளவை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் என்பதால், கார்டு கிழடாகிவிட்டது என்று நான் நினைத்ததில் பாதி வெறும் தூசிதான். விசிறிகளைக் கழற்றி, தகடுகளுக்கு இடையில் அப்பியிருந்த செம்புழுதியை ப்ளோயரால் ஊதி, காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்டை மாற்றியபின் அதே விளையாட்டில் 74 டிகிரிக்கு வந்தது. செலவு முந்நூறு ரூபாய். ஒற்றை 8 ஜிபி ரேமுக்குத் துணையாக இன்னொன்றைப் பொருத்தியதில் தயக்கங்கள் மேலும் குறைந்தன. கார்டை மாற்ற நினைக்கும் எவரும், குறிப்பாகக் கணவாய்க் காற்று வீசும் இந்தப் பக்கத்து ஆட்கள், முதலில் இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் விளையாடிப் பார்க்க வேண்டும். எனக்கு இதிலேயே ஓராண்டு கிடைத்தது.

அடுத்ததாகச் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. விளையாடும்போது கார்டு எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதைத் திரையின் மூலையில் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அது 97, 98 என்று நின்றால் கார்டுதான் திணறுகிறது. 60, 70 என்று நின்றால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசசர்தான் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் தவிக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ஐக் குறைந்த தரத்தில் ஆடும்போது என் கார்டு 70 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சைபர்பங்க் 2077-இலோ நடுத்தரத்தில் வைத்தாலே 99-இல் நின்றது. கிடைத்தது நொடிக்கு 50 பிரேம், அதாவது 50 படங்கள்தான். முதல் விளையாட்டை மட்டும் ஆடுகிறவனாக இருந்திருந்தால் கார்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்பதும், இரண்டாவதை ஆட ஆசைப்பட்டால் செலவழிப்பதில் நியாயம் உண்டு என்பதும் இந்த இரண்டு எண்களிலேயே தெளிவாகிவிட்டது.

மானிட்டரைப் பற்றியும் ஒரு சொல். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 150 பிரேம் வரைந்து கொடுத்தாலும் கண்ணுக்கு வந்து சேர்வது 60-தான். அப்படிப்பட்ட மானிட்டர் வைத்திருப்பவர் ஏற்கெனவே 60 பிரேம் பெற்றுக்கொண்டிருந்தால், கார்டுக்கு முன்னால் மானிட்டரை மாற்றுவதே அறிவுடைமை.

இவற்றுக்குப் பிறகும் நான் கார்டு வாங்கியதற்குக் காரணம் வேகம் அல்ல. சில விளையாட்டுகள் பழைய கார்டை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டுக்கும் ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்கிற்கான தனி வன்பொருள் கார்டில் இருந்தே ஆக வேண்டும். ஜிடிஎக்ஸ் 16 வரிசையில் அது கிடையாது. தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. மெதுவாக ஓடும் கார்டைப் பொறுத்துக்கொள்ளலாம். திறக்கவே மறுக்கும் விளையாட்டை என்ன செய்வது? முதலாவது விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கார்டும், பக்கத்திலேயே பிராசசராக என்னுடைய ரைசன் 5 3600-உம் இருப்பதைப் பார்த்தபோது, பிராசசரை இப்போதைக்கு விட்டுவைத்துக் கார்டை மட்டும் மாற்றலாம் என்ற துணிவு வந்தது.

எந்தக் கார்டு என்பதில்தான் அதிக நாள் அலைந்தேன். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய் காந்திபுரத்தில் ஒரு கடையில் கேட்டபோது, கவுன்டரில் இருந்த தம்பி ஆர்டிஎக்ஸ் 5060-ஐ எடுத்து வைத்தார். "ஏனுங்கண்ணா, புது மாடலுங்க, கண்ணை மூடிட்டு எடுக்கலாமுங்க" என்றார். விலை முப்பதாயிரத்தை ஒட்டி. கண்ணை மூடாமல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 8 ஜிபி நினைவகம். எட்டுத் தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 இணைப்பு, அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு ஓடும் வழி. என் மதர்போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 காலத்தது என்று சொன்னதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, எல்லாத்துலயும் உக்காருமுங்க" என்று பதில் வந்தது. உட்காரும் என்பது உண்மைதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-இல் பதினாறு தடங்கள் சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய 15.75 ஜிபி தரவைக் கடத்தும். எட்டுத் தடங்கள் மட்டுமே உள்ள கார்டைச் செருகினால் அது 7.9 ஜிபி ஆகக் குறைகிறது. புதிய மதர்போர்டில் தடத்தின் வேகம் மடங்காகக் கூடுவதால் எட்டுத் தடமே தாராளமாகப் போதும், குறை தெரியாது. கார்டின் சொந்த நினைவகத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்கும்வரை பழைய மதர்போர்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 8 ஜிபி நிரம்பி வழியும்போது நிலைமை வேறாகிவிடும். ஆர்டிஎக்ஸ் 5060-இன் சொந்த நினைவகம் நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் இயங்குவது. வழிந்ததோ 7.9 ஜிபி வேகமுள்ள சந்து வழியாகக் கணினியின் ரேமிலிருந்து வர வேண்டும். பத்தாயத்தில் இடமில்லாமல் நெல்லை அடுத்த தெருத் திண்ணையில் கொட்டிவிட்டு, வேண்டும்போதெல்லாம் முறத்தில் அள்ளிக்கொண்டு ஓடிவருவதைப் போன்றது அது. சராசரி பிரேம் எண்ணிக்கை அழகாகவே தெரியும். திடீர் திடீரென்று படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். ஆகவே பழைய மதர்போர்டுக்கு எட்டுத் தடமும் 8 ஜிபியும் ஒன்றாகச் சேர்ந்த கார்டு கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் விரைவாகச் சுருங்கியது. ஆர்டிஎக்ஸ் 4060-உம் ஆர்எக்ஸ் 6600-உம் அதே காரணத்தால் போயின. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-இன் 16 ஜிபி வடிவம் எட்டுத் தடமே என்றாலும் நினைவகம் எளிதில் வழியாது. ஆனால் என் கைக்கு எட்டாத விலை. இன்டெலின் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகத்தோடு அமெரிக்காவில் 249 டாலருக்கு வந்த நல்ல கார்டு. ஆயினும் பழைய ஆறு கோர் பிராசசர்களோடு சேரும்போது கார்டை இயக்கும் அதன் டிரைவர் மென்பொருள் பிராசசரை அதிகம் வேலை வாங்கி வேகத்தை இழக்கிறது என்பதை 2025 ஜனவரியில் பல சோதனையாளர்கள் காட்டினார்கள். என் பிராசசரோ ஏற்கெனவே மூச்சு வாங்குவது.

பழைய பொருள் சந்தையில் ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி வடிவம் மட்டும் என்னை உண்மையாகவே தடுமாற வைத்தது. 2021 பிப்ரவரியில் வந்த அந்தக் கார்டுக்கு முழுப் பதினாறு தடங்கள், ரே டிரேசிங் வன்பொருள், படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ் எல்லாம் உண்டு. பி450 மதர்போர்டுக்கென்றே செய்ததுபோல இருக்கும். பாலக்காட்டில் ஒருவர் பதினாறாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் பில் இல்லை, கணினியில் மாட்டிக் காட்டவும் அவர் இசையவில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைத் தோண்டும் முறையே நின்றுபோனபின் இரவும் பகலும் உழைத்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்ததை நினைத்துத் திரும்பிவிட்டேன். பில்லும் மிச்ச வாரண்டியும் உள்ள 3060 யாருக்காவது கிடைத்தால், இதற்கு மேல் படிக்காமல் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் வாங்கியது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 2025 ஜூன் மாதம் 349 டாலர் விலையில் வந்த கார்டு இது. அந்த விலையில் வரி சேராது. நம் பக்கம் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் இறக்குமதியாளர் பங்கும் சேர்ந்து எனக்கு 39,500 ரூபாய் ஆயிற்று. கோவையிலேயே வேறொரு சிறிய கடையில் வாங்கினேன். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாட்டி ஓட்டிக் காட்டுவோம் என்று அந்தக் கடைக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்காகவே பேருந்தில் கேபினெட்டுக்கும் ஓர் இருக்கைக்குச் சீட்டெடுத்துக் கொண்டுபோனேன். இதே பெயரில் 8 ஜிபி வடிவமும் அப்போது 50 டாலர் குறைவான விலையில் வெளிவந்தது. பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வாங்கும்போது எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாட்டியதும் எல்லாம் நடந்துவிடவில்லை. புதிய கார்டின் முழுப் பலனும் கிடைக்க கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதியை, கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸில் திறக்க வேண்டும். அதற்குப் பழைய முறையில் கணினியைத் தொடங்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை அணைக்க வேண்டும். அதை அணைத்தால் என் விண்டோஸ் எழவே மறுத்தது, ஏனெனில் அது எம்பிஆர் என்ற பழைய வகை வட்டில் நிறுவப்பட்டிருந்தது. விண்டோஸிலேயே உள்ள கருவியால் வட்டை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றி, பயாஸையும் புதுப்பித்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. தரவுகளை முன்கூட்டியே வேறிடத்தில் எடுத்து வைக்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

செலவும் கார்டோடு நிற்கவில்லை. இந்தக் கார்டுக்கு ஏஎம்டி குறிப்பிடும் மின்அளவு 160 வாட். தயாரிப்பாளர்கள் வேகம் கூட்டி விற்கும் வடிவங்களில் 180 வரை போகும். குறைந்தது 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறார்கள். ஆறு கோடை கண்ட என் எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப மனமில்லாமல் 4,200 ரூபாய்க்கு 550 வாட் ஒன்றை வாங்கினேன். எதிர்பாராதது யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருந்தாலும் அது தாங்கக்கூடியது 360 வாட்தான். பிராசசர், கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையை உரசியதால், துலா (ஐப்பசி) மாத இடியில் கரண்டு போனதும் ஓவர்லோட் என்று கத்திவிட்டு யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்தது. 1000 விஏ யூபிஎஸ்ஸுக்கு 5,800 ரூபாய். ஆக, 39,500 ரூபாய்க் கார்டு 49,500 ரூபாய் ஆனது. மாலை இடியும் மின்வெட்டும் உள்ள ஊர்க்காரர்கள் இந்தப் பத்தாயிரத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கட்டணம் எங்கள் வீட்டில் அம்மாவின் இலாகா என்பதால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பழைய கார்டைவிட 35 வாட் கூடுதல். நாளுக்கு மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 6 யூனிட். பெரிய தொகை அல்ல. ஆனால் கேரளத்தில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கணக்கு போய், முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை விழும். கோடையில் எங்கள் பில் 490-ஐத் தொடுவது உண்டு. அந்த மாதங்களில் மூன்று மணி நேரம் இரண்டாகும் என்று உடன்பாடு.

விளையாட்டில் கிடைத்தது என்ன என்றால், சைபர்பங்க் 2077 நடுத்தரத்தில் 50 பிரேம் தந்த இடத்தில், ரே டிரேசிங் இல்லாமல் மிக உயர்ந்த தரத்தில் 80-ஐ ஒட்டி ஓடுகிறது. அப்போதும் கார்டு 75 விழுக்காடுதான் உழைக்கிறது. அதற்கு மேல் என் பிராசசர் விடவில்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது: பிராசசர் எல்லை வகுத்துவிட்ட இடத்தில் நிழலையும் ஒளியையும் துணியின் இழையையும் உயர்ந்த தரத்துக்கு ஏற்றிக்கொள்வதற்குப் பிரேமில் விலை கொடுக்க வேண்டியதில்லை, சும்மா இருக்கும் கார்டு அந்த வேலையைச் செய்துவிடும். இண்டியானா ஜோன்ஸ் திறந்தது மட்டுமல்லாமல் 60 பிரேமுக்கு மேல் சீராகவும் ஓடியது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல், சோதனை முன்பே சொன்னதுபோல, ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை.

வெப்பத்தில் இந்தக் கார்டு என்னை ஏமாற்றவில்லை. அறையின் சூடு ஒரு டிகிரி கூடினால் கார்டின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும் என்பதால், குளிர் அறை மதிப்புரைகளில் உள்ள எண்ணோடு பன்னிரண்டைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். மூன்று விசிறி வடிவத்தைத் தவிர்த்து என் கேபினெட்டில் அடங்கும் இரண்டு விசிறி வடிவத்தை வாங்கியதால் சத்தம் சற்றுக் கூடுதல்தான். ஏஎம்டியின் மென்பொருளிலேயே மின் வரம்பைச் சிறிது குறைத்து, பிரேமை 120-இல் கட்டிப்போட்டதும் விசிறி அடங்கியது. படத்தில் வேறுபாடு தெரியவில்லை.

குறைகளும் உண்டு. சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் எஃப்எஸ்ஆர் 4 நன்றாகவே இருக்கிறது, ஆனால் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடைக்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கை இன்னும் அதிகம். ரே டிரேசிங்கை முழு அளவில் கொண்டாட விரும்புகிறவர்களுக்கும் என்விடியாவே பொருத்தம். இடையில் பிரேம்களைத் தானே இட்டு நிரப்பும் வசதியை இரண்டு நாள் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டேன். எண் பெரிதாகத் தெரிகிறது. சுட்டியை அசைத்தபின் திரை அசைவதற்குள் ஒரு சோம்பல் வந்துவிடுகிறது.

பழைய 1660 சூப்பரை விற்கவில்லை. வேலந்தாவளத்தில் இருக்கும் அக்கா மகன், "மாமா, எனக்கும் ஒரு நல்ல கார்டு பாத்துக் குடுங்க" என்று வந்து நின்றான். அவனுடையது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். அவன் ஆடுவது வாலரண்ட் மட்டும். புதிய தெர்மல் பேஸ்ட்டோடு பழைய கார்டை அவன் கணினியில் நானே மாட்டிக் கொடுத்து, பிரேமை 60-இல் கட்டிவிட்டு மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 35 விழுக்காட்டைத் தாண்டவில்லை.